பசளை எங்கே போகிறது?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான ஒருநாள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சேமலாப நிதி பற்றியும் பிரசவ விடுமுறை பற்றியும் கதைத்தோம். எனக்குத் தந்திருக்கும் தலைப்பு பசளை. தலைப்பைச் சொன்னதுமே பின் வரிசையில் இருந்த அண்ணன் ஒருவர், "மாஸ்டர், அது துரை பார்க்க வேண்டிய வேலை இல்லையா? சங்கத்துக்கு அதில் என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

பசளையை வாங்குவது கம்பனி. எந்த மலைக்கு எப்போது போடுவது என்று தீர்மானிப்பது துரை. ஆனால் மூடையைச் சுமந்து மலையேறுவது நாம். வெறுங்கையால் அள்ளி வீசுவது நாம். அது செடிக்குச் சேர்ந்தால் கொழுந்து வரும், சேராவிட்டால் கொழுந்து வராது. கொழுந்து வராத நாளில் அரை பேர் விழுவது நமக்கு. செடிக்குச் சேராத பசளை கழுவிக்கொண்டு போய்ச் சேருவது, லயத்துக்குப் பீலியில் தண்ணீர் வரும் ஓடைக்கு. மிச்சம் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டால் மழையும் வரட்சியும் தாறுமாறாகும்போது முதலில் வேலைநாளை இழப்பதும் மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டு ஓடுவதும் நாம்தான். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை.

ஆகவே பசளை சங்கத்தின் விடயமும்தான். இன்று மூன்று விடயங்களைச் சொல்லப் போகிறேன். போடும் பசளை எங்கே போகிறது, அந்த இழப்பை எப்படிக் குறைக்கலாம், இதில் நாம் நிர்வாகத்திடம் எதைக் கேட்க வேண்டும்.

மூடைக்குள் இருப்பது என்ன?

தேயிலைக்கு வேண்டிய பிரதான சத்துகள் மூன்று: நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம். நமக்கு விளைச்சல் என்பது இலை. இலையை வளர்ப்பது நைதரசன். அதனால் தேயிலைக்கு அதுதான் முதல் தேவை. ஆயிரம் கிலோ தேயிலைத்தூள் ஸ்டோரிலிருந்து வெளியே போகும்போது அதோடு சேர்ந்து 40 கிலோவுக்கு மேற்பட்ட நைதரசனும் தோட்டத்தை விட்டுப் போகிறது. ஒவ்வொரு வருடமும் இப்படி எடுத்துக்கொண்டே இருந்தால் மண் வெறுமையாகும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

யூ 709 போன்ற கலவைகளில் நைதரசனைத் தருவது யூரியா. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அதாவது 50 கிலோ யூரியாவில் 23 கிலோ. அமோனியம் சல்பேற்றில் நூற்றுக்கு 21 பங்குதான், 50 கிலோவில் பத்தரைக் கிலோ. இந்த 23 கிலோ என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கி, லொறியில் ஏற்றி, நம் முதுகில் சுமந்து மலைக்குக் கொண்டுபோனது அதைத்தான். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், வயலிலும் தோட்டத்திலும் போடப்படும் நைதரசனில் ஏறத்தாழ அரைவாசி பயிருக்குச் சேருவதில்லை.

நான்கு வழியில் ஓடுகிறது

முதலாவது வழி காற்று. யூரியா மண்ணில் ஈரத்தோடு சேர்ந்ததும் அமோனியாவாக மாறத் தொடங்கும். மண்ணுக்குள் இருந்தால் மண் அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே சருகின் மீது கிடந்தால் காற்றோடு போய்விடும். பசளை போட்ட மறுநாள் சில மலைகளில் மூக்கைக் குத்தும் நெடி வருமே, அது கம்பனியின் காசும் நமது உழைப்பும் ஆவியாகும் நெடி. தூறல் மட்டும் விழுந்து பின் வெயில் அடித்தால், மேற்பரப்பில் கிடக்கும் யூரியாவின் நைதரசனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூட இப்படிப் போகலாம்.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு நான் வகுப்பில் இரண்டு ஜாம் போத்தல் எடுப்பேன். இரண்டிலும் மரக்கறிப் பாத்தியின் ஈரமண். ஒன்றில் ஒரு கரண்டி யூரியாவை மேலே தூவி மூடுவேன். மற்றதில் அதே அளவை மூன்று விரல் ஆழத்தில் புதைத்து மூடுவேன். இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்தால் எந்தப் போத்தல் நெடி அடிக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். மூக்கைப் போத்தலுக்குள் விட்டு முகர வேண்டாம், கையால் விசிறி முகர்ந்தால் போதும்.

இரண்டாவது வழி தண்ணீர். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று தண்ணீரில் இலகுவில் கரையும், மண் அதைப் பிடித்து வைக்காது. பெருமழை பெய்தால் வேருக்குக் கீழே இறங்கி ஊற்றுக்கும் ஓடைக்கும் போய்விடும். இன்னொன்றையும் கவனியுங்கள். தேயிலைச் செடி விரும்பி எடுப்பது அமோனியத்தைத்தான். ஆகவே தேவைக்கு மேலே ஒரே தடவையில் கொட்டி அது நைத்திரேற்றாக மாறினால் செடிக்கும் பெரிய இலாபமில்லை.

நமது ஓடைகள் சிறியவை. ஆனால் போய்ச் சேரும் இடங்கள் பெரியவை. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஓடைகள் மவுசாகலைக்கும் காசல்ரீக்கும் போய்க் களனி கங்கையாகின்றன. தலவாக்கலைப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகின்றன. கொழும்பில் குடிக்கும் தண்ணீரும் உலர்வலயத்தில் மகாவலியிலிருந்து நெல்லுக்குப் பாயும் தண்ணீரும் தேயிலை மலைகளைத் தொட்டுத்தான் போகின்றன. அதற்கு முன் அந்தத் தண்ணீரைக் குடிப்பது நமது லயத்துப் பிள்ளைகள். குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தியை இழக்கலாம், குழந்தை நீலம் பாரிக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். இதை ஒவ்வொரு தாயும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி மண். பசளை போட்ட கையோடு கனமழை வந்து மேல்மண் கானில் ஓடினால், பசளையும் அதோடு ஓடுகிறது. கான் தூர்ந்து, கல்வரம்பு சரிந்து, செடிகள் செத்து வெட்டையான இடங்களில் இது அதிகம். வேர் வெளியே தெரியும் செடிகளை நாம் தினமும் பார்க்கிறோம். ஓடிப்போன மேல்மண் நமது ஆயுளில் திரும்பி வராது.

நான்காவது வழிதான் இன்று உலகமே கதைப்பது. அதன் பெயர் நைதரசு ஒட்சைட்டு. மண்ணில் ஈரம் மிகுந்து காற்று குறையும்போது, சில நுண்ணுயிர்கள் நைத்திரேற்றைப் படிப்படியாகப் பிரித்துக் கடைசியில் சாதாரண நைதரசனாக்கிக் காற்றுக்கு விடுகின்றன. அந்தப் படியில் பாதி வழியில் வெளியேறும் வாயு இது. அமிலம் கூடிய மண்ணில் கடைசிப் படி ஒழுங்காக நடப்பதில்லை. அதனால் பாதி வழியிலேயே அதிகம் வெளியேறுகிறது. தேயிலை வளர்வதே அமில மண்ணில். வருடக்கணக்கில் நைதரசன் பசளை போட்டால் அமிலம் இன்னும் கூடுகிறது. தேயிலை மண் இந்த வாயுவுக்குப் பெயர் போனதாக இருப்பதற்கு இதுவே காரணம். யப்பானின் ஷிசுவோகா தேயிலைப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் ஹெக்டயருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல்கூட நைதரசன் போட்டார்கள். நிலத்தடி நீர் கெட்டது, நைதரசு ஒட்சைட்டும் பெருகியது. பிறகு அவர்களே அளவைக் குறைத்தார்கள்.

அளவில் இது சிறியது, விளைவில் பெரியது. ஒரு கிலோ நைதரசு ஒட்சைட்டு, நூறு வருடக் கணக்கில், 273 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். நம்மைக் காக்கும் ஓசோன் படையையும் அது அரிக்கிறது. மனிதரின் செயலால் வெளியேறும் நைதரசு ஒட்சைட்டில் பெரும்பங்கு வேளாண்மையிலிருந்துதான் வருகிறது.

கணக்குப் போடுவோம். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழு 2019 இல் திருத்திய முறைப்படி, மழை கூடிய பிரதேசங்களில் போடும் இரசாயனப் பசளை நைதரசனில் நூற்றுக்கு 1.6 பங்கு இந்த வாயுவாகப் போவதாகக் கொள்ளலாம். ஒரு யூரியா மூடையில் 23 கிலோ. அதில் 1.6 வீதம் ஏறத்தாழ 370 கிராம். வாயுவாக மாறும்போது ஒட்சிசன் சேர்வதால் சுமார் 580 கிராம். அதை 273 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 158 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன். முச்சக்கர வண்டியில் 68 லீற்றர் பெற்றோல் எரித்தால் வரும் அளவு இது. ஒரு மூடைக்கு! யூரியாவைத் தொழிற்சாலையில் செய்யும்போது எரியும் எரிவாயுவின் புகை இதில் சேரவில்லை.

அப்படியானால் பசளையே வேண்டாமா?

இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலருக்கு இந்தக் கேள்வி வரும். அதற்கான பதிலை இந்த நாடு நம் வயிற்றில் அடித்துச் சொல்லித் தந்திருக்கிறது.

2019 ஒக்டோபரில் பல நாடுகள் கொழும்பில் கூடி ஒரு பிரகடனம் செய்தன. 2030 ஆம் ஆண்டுக்குள் நைதரசன் விரயத்தை அரைவாசியாகக் குறைப்போம் என்பதே அந்தக் கொழும்புப் பிரகடனம். நல்ல இலக்கு, செய்யக்கூடிய இலக்கு. விரயத்தைக் குறைப்போம் என்றுதான் அதில் இருந்தது. பசளையை நிறுத்துவோம் என்று இல்லை. ஒன்றரை வருடத்தில், 2021 மே மாதம், அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் தடை செய்தது. தோட்டக்காரரிடமோ, 1925 இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலை சென்கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் அனுபவத்திலோ கேட்டுச் செய்த வேலை அல்ல அது. அத்தனை மலைகளுக்கும் போடக் கூட்டெரு எங்கே இருந்தது? அந்த வருடக் கடைசியில் தடையை எடுத்தார்கள். அதற்குள் டொலரும் இல்லை, பசளை விலையும் பல மடங்கு ஏறிவிட்டது.

2021 இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 299 மில்லியன் கிலோ. 2022 இல் சுமார் 251 மில்லியன் கிலோ. எரிபொருள், மின்சார நெருக்கடியும் அதில் சேர்ந்திருந்தது. ஆனாலும் மலைகள் வெளிறிப் போனதை நாம் கண்ணால் பார்த்தோம். அதே காலத்தில்தான், 2021 மார்ச்சில், வேதனச் சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அதற்குப் பதிலாகப் பல தோட்டங்களில் கொழுந்தின் கிலோக் கணக்கைக் கூட்டினார்கள். மண்ணுக்குச் சாப்பாடு போடாமல் கூடைக்கு மட்டும் நிறை கேட்டார்கள். அரை பேர் விழுந்தது யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நமது நிலைப்பாடு தெளிவாக இருக்கட்டும். பசளை வேண்டும். விரயம் வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களுக்கு நாம் இடம் கொடுக்கக்கூடாது.

விரயத்தைக் குறைப்பது எப்படி?

இதற்குப் புதிய அதிசயம் ஒன்றும் தேவையில்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் வெகுகாலமாகச் சொல்லி வருவதும், நமது மூத்த தொழிலாளர்கள் அனுபவத்தில் அறிந்ததும்தான்.

ஒன்று, நேரம். மண் ஈரமாக இருக்க வேண்டும், கனமழை வரக்கூடாது. காய்ந்த மண்ணில் போட்டால் காற்றுக்குப் போகும். கொட்டும் மழையில் போட்டால் ஆற்றுக்குப் போகும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தென்மேல் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது போடுவது தவறு. ஊவாப் பக்கம் வடகீழ் பருவமழை கொட்டும்போதும், பிறகு வரட்சி உறைக்கும்போதும் போடுவது தவறு. போட்ட பின் மிதமான ஒரு மழை பெய்து பசளையை மண்ணுக்குள் இறக்கினால் அதுதான் பொருத்தம்.

இரண்டு, தவணை. வருடத்துக்கு உரியதைப் பல தவணையாகப் பிரித்துப் போட வேண்டும். லொறி பிந்தி வந்தது, வருடக் கணக்கு முடிகிறது என்று இரண்டு தவணையை ஒன்றாகக் கொட்டினால் செடி அவ்வளவையும் எடுக்காது.

மூன்று, இடம். செடியின் அடித்தண்டில் குவிக்காமல், கானில் விழாமல், வேர் பரவியிருக்கும் இடத்தில் சுற்றிவரச் சமமாகப் பரவ வேண்டும். முன்னதாகப் புல் வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் சாப்பிடுவது புல்தான். இறுகிப்போன மண்ணை முள்ளால் கிளறி விட்டால் பசளையும் தண்ணீரும் உள்ளே இறங்கும், ஓடாது.

நான்கு, அளவு. மண்ணையும் இலையையும் பரிசோதித்து, அந்தந்த மலையின் விளைச்சலுக்கு ஏற்பப் போட வேண்டும். நூறு கிலோ கொடுக்கும் மலைக்கும் ஐம்பது கிலோ கொடுக்கும் மலைக்கும் ஒரே அளவு போடுவது ஒன்றில் பட்டினி, ஒன்றில் விரயம்.

ஐந்து, அமிலம். கவ்வாத்துக் காலத்தையொட்டி, மண் பரிசோதனைப்படி டொலமைட் போட்டால் மண்ணின் அமிலம் குறையும். வேர் நன்றாக வேலை செய்யும், போட்ட நைதரசன் வீணாவது குறையும். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டப்படும் செலவுகளில் ஒன்று இதுதான்.

ஆறு, நிழல் மரமும் சருகும். முள்முருக்கு, கிளிரிசிடியா போன்ற மரங்கள் காற்றிலுள்ள நைதரசனை வேரில் சேர்க்கும். அவற்றின் கிளையை வெட்டி மலையிலேயே போட்டால் அது காசில்லாத பசளை. கவ்வாத்துக் குச்சியும் இலையும் மலையிலேயே கிடந்து மக்கினால் மண் பிடிப்பாகும், மழை மண்ணை அள்ளாது.

வேப்பம் எண்ணெய் பூசிய யூரியா, மெதுவாகக் கரையும் பசளை என்றெல்லாம் உண்டு. இந்தியாவில் 2015 முதல் யூரியா முழுவதையும் வேப்பம் எண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. நைத்திரேற்றாக மாறும் வேகத்தை அது குறைக்கும். இங்கும் பரிசோதித்துப் பார்க்கலாம். ஆனால் நேரமும் தவணையும் இடமும் சரியில்லாமல் விலை கூடிய பசளை வாங்குவது ஓட்டைக் கூடையில் கொழுந்து எடுப்பது போலத்தான்.

கையில் இருக்கிறது, கட்டுப்பாட்டில் இல்லை

இப்போது நமது விடயத்துக்கு வருகிறேன். பசளை வீணானால் நிர்வாகம் முதலில் சொல்வது என்ன? "ஆட்கள் ஒழுங்காகப் போடுவதில்லை, குவியலாகக் கொட்டிவிட்டு வருகிறார்கள்." அப்படி நடக்கிறது என்பது உண்மை. ஏன் நடக்கிறது என்று கேட்க வேண்டாமா?

ஓர் ஆளுக்கு இத்தனை மூடை என்று கணக்கு. முடித்தால்தான் பேர். மட்டமான மலைக்கும் செங்குத்தான மலைக்கும் அதே கணக்கு. ரோட்டோரத்தில் மூடையை இறக்கிவிட்டு லொறி போய்விடும். மேல் தொங்கல்வரை சுமப்பது நாம். ஆள் பற்றாக்குறை என்று கொந்தரப்புக்குக் கொடுத்தால், மூடைக்கு இவ்வளவு என்று காசு. மூடை சீக்கிரம் காலியானால்தான் கொந்தரப்புக்காரருக்குக் கட்டுப்படியாகும். அளவுக் கோப்பை கிடையாது, கையால் அள்ளுவதுதான் அளவு. பெரட்டுக் களத்தில் பெயர் போட்டாகிவிட்டது என்றால் மழை கொட்டினாலும் வேலை நிற்காது. நிறுத்தினால் அந்த நாள் பேர் யார் தருவது? இப்படிப்பட்ட நிபந்தனையில் எந்த மனிதனால் செடி செடியாகப் பார்த்துப் பரவ முடியும்?

பசளை விரயத்தில் ஒரு பெரும்பகுதி வேலை நிபந்தனையிலிருந்து வருகிறது. வேலை நிபந்தனை என்பது சங்கத்தின் மேசை. அதனால்தான் நான் இங்கே வந்து நிற்கிறேன்.

கவ்வாத்து விடயமும் அப்படித்தான். குச்சியை மலையில் விட வேண்டும் என்று சொன்னேன். ஆனால் நமது அக்காமார் அதைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். காஸ் விலைக்குச் சம்பளம் போதாது, அடுப்பு எரிய வேண்டும். அந்த விறகுக் கட்டைப் பார்த்துப் பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. லயங்களுக்கு விறகு மரத்தை ஒழுங்காக வெட்டிக் கொடு, பிறகு கவ்வாத்துக் குச்சியை மலையில் விடச் சொல் என்பதே நமது பதில்.

இன்னொன்று. இப்போது வெளிநாட்டுச் சந்தைக்காகத் தோட்டங்கள் சான்றிதழ் வாங்குகின்றன. தவளைப் படம் போட்ட பலகை ஸ்டோர் வாசலில் தொங்குகிறது. காபன் குறைந்த தேயிலை என்று சில பக்கெற்றுகளில் அச்சடிக்கிறார்கள். நல்லது. அந்தக் காபனைக் குறைத்தது யாருடைய கை? பரிசோதனைக்கு ஆள் வரும் வாரம் மட்டும் கையுறை கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. சான்றிதழ் பரிசோதகர் தொழிலாளரிடமும் கேட்டுத்தான் எழுத வேண்டும். அவர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல நமக்குப் பயம் இருக்கக்கூடாது. சொன்னதற்காக யாரையாவது பழிவாங்கினால் அதை அன்றே சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

தோட்ட மட்டத்தில் நிர்வாகத்தோடு கதைக்கும்போது இந்த எட்டையும் எழுத்தில் வையுங்கள்.

1. ஒவ்வொரு மலைக்கும் எந்தத் தேதியில், எந்தப் பசளை, எத்தனை மூடை போடப்பட்டது என்ற விபரத்தைப் பெரட்டுக் களத்தில் தமிழில் ஒட்ட வேண்டும்.

2. பசளை போடாத, அல்லது தவணை தவறிய மலைகளில் கொழுந்துக் கிலோக் கணக்கைக் குறைக்க வேண்டும். மண்ணுக்குக் கொடுக்காததை எங்கள் பேரிலிருந்து பிடிக்கக்கூடாது.

3. பசளை போடும் வேலைக்கு மூடைக் கணக்கு மலையின் சரிவைப் பார்த்து நிர்ணயிக்கப்பட வேண்டும். மூடையை மலைக்குள் கொண்டுவந்து சேர்ப்பது தனி வேலையாகக் கணக்கிடப்பட வேண்டும்.

4. மழை காரணமாகப் பசளை வேலையை நிறுத்தினால் அந்த ஆட்களுக்கு வேறு வேலை கொடுத்து முழுப் பேர் போட வேண்டும்.

5. அளவுக் கோப்பை, கையுறை, முகக்கவசம், கைகழுவ சவர்க்காரமும் தண்ணீரும் தரப்பட வேண்டும். கர்ப்பிணிப் பெண்களுக்கு இந்த வேலை கொடுக்கக்கூடாது.

6. கான் வெட்டு, கல்வரம்பு, முள் வேலை, நிழல் மரம் நடுதல், டொலமைட் போடுதல் ஆகியவற்றை வருட வேலைத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். இவை வேலைநாளைக் கூட்டும், மண்ணையும் காக்கும்.

7. லயங்களுக்கு வரும் தண்ணீரை வருடத்துக்கு இரண்டு தடவையாவது, அதில் ஒன்று பசளைத் தவணைக்குப் பின்னரான மழைக்காலத்தில், நைத்திரேற்றுக்குப் பரிசோதித்து முடிவைக் காட்ட வேண்டும். ஊற்றுக்கு மேலும் ஓடைக் கரையிலும் ஓர் எல்லை விட்டே பசளை போட வேண்டும்.

8. லயங்களுக்கு விறகு தர வேண்டும்.

இந்த எட்டில் எதுவும் கம்பனிக்கு நட்டமானதல்ல. நூறு கிலோ பசளையில் இருபது கிலோ மிச்சமானால் மிச்சப்படுவது அவர்களுடைய காசு. அதைச் சொல்லியே கேளுங்கள். மறுத்தால், எதற்காக மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

நமது பாத்தியும் நமது வீடும்

மற்றவனிடம் கேட்பதோடு நின்றுவிடக்கூடாது. லயத்துப் பக்கத்தில் கரட், லீக்ஸ், கிழங்கு போடுகிறோம். அங்கே நாமும் யூரியாவை அள்ளிக் கொட்டுகிறோம். பச்சையாகத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். மேலே தூவாமல் சிறு சால் கீறிப் போட்டு மண்ணால் மூடுங்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே தடவையில் போடாமல் சிறிது சிறிதாகப் போடுங்கள். போட்ட அளவைக் குறைத்தாலும் விளைச்சல் குறையாது என்பதைக் கண்டுகொள்வீர்கள்.

மாடு வைத்திருக்கிறவர்கள் சாணியை வெயிலிலும் மழையிலும் திறந்து போடாதீர்கள். அமோனியா காற்றில் போகும், சாறு ஓடையில் போகும். சருகும் சாம்பலும் என்று சேர்க்காமல், சாணியோடு சருகைச் சேர்த்து மேலே படங்கு போட்டு மூடுங்கள். சாம்பல் சேர்ந்தால் அமோனியா இன்னும் வேகமாகப் போகும், அதைத் தனியாக வைத்திருந்து பாத்திக்குப் போடுங்கள்.

வெறும் பசளைச் சாக்கில் அரிசி, மா கட்டி வைக்காதீர்கள், குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். பசளை போட்டு வந்த சேலையை ஓடையில் அலசாமல் வீட்டுப் பக்கத்துத் தண்ணீரில், பாத்திப் பக்கமாக அலசுங்கள்.

கடைசியாக ஒரு வேலை

பேச்சைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் ஒரு கொப்பி கொடுக்கப் போகிறோம். அதில் ஐந்து நிரல் கீறியிருக்கிறது: தேதி, மலை நம்பர், போட்ட பசளையும் மூடையும் போட்ட ஆட்களும், அன்றும் மறுநாளும் மழை எப்படி, அந்த மலையில் அடுத்த ரவுண்டுகளில் ஓர் ஆள் சராசரியாக எடுத்த கொழுந்து கிலோ. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள், அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போத்தலை வெட்டி அடிக்கோல் ஒட்டினால் மழைமானி ஆகிவிடும், அதைச் செய்யும் முறையைப் பாடசாலையிலேயே கற்றுக் கொடுக்கிறோம்.

மூன்று மாதம் ஒழுங்காக எழுதுங்கள். துரையின் மேசையில் இருக்கும் கணக்குப் புத்தகத்துக்கு எதிரே நமது கணக்குப் புத்தகமும் இருக்கட்டும். "ஆட்கள் வேலை செய்வதில்லை" என்று அவர்கள் சொல்லும்போது, "இந்தத் தேதியில், இந்த மலையில், கொட்டும் மழையில் இத்தனை மூடை போடச் சொன்னீர்கள்" என்று நாம் காட்ட முடியும். வாய்ப்பேச்சுக்கு மறுபேச்சு உண்டு. தேதியோடு எழுதிய கணக்கை மறுப்பது கஷ்டம்.

கொப்பிகளை மாதர் சங்கத் தலைவிமாரிடம் கொடுக்கிறோம். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது நிரப்பிய பக்கங்களோடு வாருங்கள். அங்கே எட்டுக் கோரிக்கைகளையும் உங்கள் கணக்கோடு சேர்த்து மனுவாக எழுதுவோம்.